அழுகை வந்தால் பார்க்க வேண்டிய பக்கம்

திருச்சியில் மே மாதம். அக்கா வீட்டு மாடி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, காற்றுதான் வரவில்லை. நானும் அக்கா மகளும் பாயில் படுத்துக்கொண்டு பின்லாந்தின் பனிக்காலத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பேன், அவளுக்குப் பிடிபடாத இடத்தைத் தமிழில் சொல்வேன், சில நேரம் எனக்கே பிடிபடாத இடத்தை இரண்டு மொழியிலும் மழுப்புவேன். அதை உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

புத்தகம் டூவெ யான்சனின் 'மூமின்லாண்ட் மிட்விண்டர்'. 1957-ல் ஸ்வீடிஷ் மொழியில் வந்தது. மூமின்கள் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறவை. நவம்பரில் வயிறு நிறையப் பைன் ஊசியிலைகளைத் தின்றுவிட்டுப் படுத்தால் ஏப்ரலில்தான் எழும். ஒரு வருடம் மட்டும் மூமின்ட்ரோல் நட்டநடுக் குளிர்காலத்தில் விழித்துக்கொள்கிறான். அம்மாவை எழுப்புகிறான், அம்மா எழவில்லை. மற்றவர்களும் எழவில்லை. வெளியே அவன் அதுவரை பார்த்தே இராத ஓர் உலகம், வெள்ளையாக, சூரியன் இல்லாமல்.

அங்கே அழகான வால் கொண்ட ஓர் அணில் வருகிறது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாத அணில். கடுங்குளிரின் பெண் வருகிற நாளன்று வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று எல்லாருக்கும் எச்சரிக்கை. அணில் அதையும் மறந்துவிடுகிறது. அந்தப் பெண் குனிந்து அதன் காதோரம் சொறிந்துவிடுகிறாள், அது அவள் கண்களைப் பார்த்துவிடுகிறது, விறைத்துச் செத்துப்போகிறது.

அந்தப் பக்கத்தின் அடியில் ஆசிரியரின் குறிப்பு ஒன்று இருக்கிறது. வாசகருக்கு அழவேண்டும் போலிருந்தால் இத்தனையாவது பக்கத்தைச் சட்டென்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று. அவ்வளவுதான்.

நான் அதை வாசித்து முடிப்பதற்குள் புத்தகம் என் கையில் இல்லை. அவள் அழவில்லை, உதட்டை மட்டும் உள்ளே மடித்து வைத்திருந்தாள். பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனாள், தேடினாள், விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு பழைய பக்கத்துக்குத் திரும்பி வந்து புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். "சரி மாமா, இப்ப படிங்க."

நான் இந்த நாவலை முதலில் படித்தது இருபத்தொன்பது வயதில், பெங்களூரில், ஒரே ராத்திரியில். அந்தக் குறிப்பைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. நல்ல நக்கல் என்று நினைத்தேன். அது சொன்ன பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. நானோ பெரிய வாசகன். நக்கலை ரசித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எங்கள் வேலையில் நிரலுக்கு நடுவே குறிப்பு எழுதி வைப்போம். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ உடைந்துபோய் அந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிற ஆளுக்காக எழுதப்படுவது அது. யான்சனின் அடிக்குறிப்பும் அந்த மாதிரிதான். நான் கம்ப்யூட்டரைப் போல அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வசந்தம் வந்தபின் மூமின்ட்ரோல் ஓர் அணிலைப் பார்க்கிறான். நீதானா அது என்று கேட்கிறான். அணிலுக்கு அதெல்லாம் சரியாக நினைவில்லை. முடிந்தது. அதே அணில் என்றும் நாவல் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இதற்கிடையில், அணில் செத்தபோது டூ-டிக்கி என்ற கதாபாத்திரம் ஒன்று சொல்லியிருக்கிறாள்: செத்தது செத்ததுதான், அது மண்ணாகும், பிற்பாடு அந்த மண்ணில் மரம் வளரும், மரத்தில் வேறு அணில்கள் தாவும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கடைசியில் வருவது புது அணில். பெரியவர்கள் அப்படித்தான் படிக்கிறோம். ஆசிரியர் குழந்தைகளிடம் அன்பாக ஒரு பொய் சொல்கிறார், நமக்கு உண்மை தெரியும் என்று.

ஆனால் அணிலைப் பற்றி நாவல் நமக்குத் தருகிற ஒரே பெரிய தகவல், அதற்கு எதுவும் நினைவிருக்காது என்பதுதான். மறதிக்கார அணில் தான் செத்ததையும் மறந்துவிட்டது என்று ஓர் எட்டு வயதுப் பெண் சொன்னால் அதில் தர்க்கப் பிழை எதுவும் கிடையாது. நாவலில் உள்ள சான்றுகளை வைத்தே அவள் அந்த முடிவுக்கு வருகிறாள். நான் என் முடிவுக்கு வருவது வெளியே உலகத்தில் செத்தவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை என்பதால். யார் நாவலை ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டூவெ யான்சனை நேசிக்கிற பெரியவர்கள் எங்கும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். அவர்கள் (நாங்கள்) திரும்பத் திரும்பச் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: "இது உண்மையில் குழந்தைகளுக்கான புத்தகமே இல்லை." பாராட்டாகத்தான் சொல்கிறோம். நானும் பல வருடங்கள் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

யான்சனைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1914-ல் ஹெல்சின்கியில் பிறந்தவர், பின்லாந்தின் ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையைச் சேர்ந்தவர். அப்பா சிற்பி, அம்மா ஓவியர். டூவெயும் தன்னை முதலில் ஓவியர் என்றே கருதினார். 1945-லிருந்து 1970 வரை ஒன்பது மூமின் நூல்கள். 1954-ல் லண்டனின் 'ஈவ்னிங் நியூஸ்' நாளிதழில் மூமின் படக்கதை ஆரம்பித்ததும் உலகப் புகழ். தினமும் ஒரு படக்கதை வரைந்து வரைந்து களைத்துப்போய் 1959-ல் அதைத் தம்பி லார்ஸிடம் கொடுத்துவிட்டார். 1966-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது. வாழ்க்கைத் துணையான டூலிக்கி பியெடிலாவோடு, மின்சாரம் இல்லாத க்ளோவ்ஹாரு என்ற பாறைத் தீவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் கோடைகளைக் கழித்தார். டூ-டிக்கியின் மூலம் டூலிக்கிதான். 2001-ல் இறந்தார். இன்று மூமின் என்றால் பீங்கான் கோப்பை, போர்வை, ஜப்பானில் ஒரு பூங்கா, தாம்பெரேயில் ஒரு அருங்காட்சியகம். அரபியா நிறுவனம் போடுகிற மூமின் கோப்பைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வளர்ந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும், எட்டு வயதில் யார் கோப்பை சேர்ப்பார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. காபி குடிக்க மனம் வராமல் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

திருச்சியில் அந்தக் கோடைக்கு அடுத்த வருடம் அக்கா மகள் விடுமுறைக்குப் பெங்களூர் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவில் ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம், அதிகமும் ஐடி ஆட்கள். அந்த வாரம் 'டேல்ஸ் ஃப்ரம் மூமின்வேலி' (1962) தொகுப்பின் முதல் கதை, 'த ஸ்பிரிங் ட்யூன்'. அவளும் படித்திருந்தாள். கூட்டிக்கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கதை எளியது. ஸ்னஃப்கின் ஊர் சுற்றி. தனியாக இருப்பதுதான் அவனுக்குப் பிடிக்கும். வசந்தத்தில் மூமின் பள்ளத்தாக்கை நோக்கி நடந்து வருகிறான். தொப்பிக்கடியில் புதுப் பாட்டு ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது, இன்றிரவு வந்துவிடும் என்று தெரியும். ஓடையோரம் நெருப்பு மூட்டி உட்காருகிறான். அப்போது ஒரு பொடிசு வருகிறது. காட்டில் இருக்கும் எத்தனையோ சின்னப் பிராணிகளில் ஒன்று, பெயர்கூட இல்லை. அதற்கு ஸ்னஃப்கினைப் பற்றி எல்லாம் தெரியும். அவனோடு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததே தன் வாழ்க்கையின் பெரிய சம்பவம் என்கிறது. பாட்டு வாசியுங்கள் என்கிறது, மூமின்ட்ரோல் உங்களுக்காக ஏங்கிக்கொண்டு காத்திருக்கிறான் என்கிறது. ஸ்னஃப்கினுக்கு எரிச்சல். பாட்டு போய்விட்டது. ஒருவரை அளவுக்கு மீறி வியந்தால் நீ சுதந்திரமாகவே இருக்க முடியாது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிடுகிறான். கிளம்பும்போது அது தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறது: எனக்கு ஒரு பெயர் வைக்க முடியுமா?

எங்கள் குழுவில் அன்று பேச்சு நன்றாகவே போனது. புகழ் ஒரு கலைஞனை எப்படித் தின்கிறது, படக்கதை ஒப்பந்தம் யான்சனை எப்படிச் சோர்வடைய வைத்தது, தனிமை எப்படிப் படைப்பின் நிபந்தனை ஆகிறது. ஒரு நண்பர் அந்தப் பொடிசை 'ஸ்டாக்கர்' என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்னஃப்கின்தான் எங்கள் கூட்டத்தின் குலதெய்வம். திறந்தவெளி அலுவலகத்தில் நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேறு யார் தெய்வமாக இருக்க முடியும்?

சிரிப்பு அடங்கியபோது அக்கா மகள் கேட்டாள். "அதுக்கு அம்மா இல்லையா? அம்மா இருந்திருந்தா ஏதாவது சொல்லித்தானே கூப்பிட்டிருப்பாங்க?"

"ஸோ க்யூட்" என்றார் ஒருவர். இன்னொருவர் உண்மையான கனிவோடு, "இது கொஞ்சம் பெரியவங்க கதைம்மா, நீ வளர்ந்ததும் வேற மாதிரி புரியும்" என்றார். பேச்சு மறுபடி புகழுக்குத் திரும்பியது. அதன்பின் அவள் வாயைத் திறக்கவில்லை. புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நானும் எதுவும் சொல்லவில்லை. என் நண்பர்கள் முன்னால் நான் அசட்டு மாமாவாகத் தெரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன் என்பதுதான் உண்மை.

ஆட்டோவில் கேட்டாள், "மாமா, இது பெரியவங்க புக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்" என்றேன். தப்பித்துக்கொள்கிற பதில், அவளுக்கும் அது தெரிந்தது.

பிறகு கதையை எடுத்து மறுபடி படித்தேன், அவள் கேள்வியை வைத்துக்கொண்டு. அந்தக் கேள்வியில் பொடிசு 'ரசிகன்' என்கிற வகைமாதிரி இல்லை, யாரும் கூப்பிடாத ஒரு ஜீவன். அது ஸ்னஃப்கினிடம் கேட்பது ஆட்டோகிராஃப் இல்லை. உங்களிடம் நிறைய இருக்கிறது, உங்களுக்குச் செலவில்லாத ஒன்று, எனக்குத் தரமுடியுமா என்று கேட்கிறது. ஸ்னஃப்கின் யோசித்து ஒரு பெயர் தருகிறான்: டீட்டி-வூ. ஆரம்பம் குதூகலமாகவும் முடிவில் கொஞ்சம் சோகமாகவும் ஒலிக்கிற பெயர். பொடிசு அதைக் கேட்டு ஒரு கூவல் கூவிவிட்டு இருட்டுக்குள் மறைந்துவிடுகிறது.

ஸ்னஃப்கினைக் கொண்டாடுகிற எல்லாரும் கிட்டத்தட்ட இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். சுதந்திரத்தைப் பற்றி அவன் சொன்னதைப் படத்தோடு போட்டுப் பகிர்கிறோம். கதை பாதிதான் ஆகியிருக்கிறது. அவன் எதிர்பார்த்த தனிமை கிடைத்துவிட்டது, பாட்டு மட்டும் வரவில்லை. அடுத்த நாள் நடக்கிறான். மனசு அங்கேயே நிற்கிறது. கடைசியில் வந்த வழியே திரும்பிப் போய் அந்தப் பொடிசைத் தேடுகிறான். தனிமையின் கடவுள் தன் ரசிகனைத் தேடிக்கொண்டு போகிறான்!

கண்டுபிடித்தும் விடுகிறான். ஆனால் இப்போது டீட்டி-வூவுக்கு நேரமில்லை. பெயர் வந்துவிட்டது, பெயர்ப்பலகை வைத்தாயிற்று, தனி வீடு தயாராகிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் ஏதேதோ நடந்துகொண்டிருந்தது, யாருக்கு நடக்கிறது என்று இல்லாமல். இப்போது நடப்பதெல்லாம் டீட்டி-வூவுக்கு நடக்கிறது. ஆகவே அது அவசரத்தில் இருக்கிறது. ஸ்னஃப்கின் பேச ஆசைப்படுகிறான், மூமின்ட்ரோலைப் பற்றிக்கூடச் சொல்லத் தயார். அது மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு ஓடிவிடுகிறது. ஸ்னஃப்கின் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிறான். அப்போதுதான் பாட்டு வருகிறது.

பெரியவனாக நான் இந்தக் கதையில் பார்த்தது கலைஞனையும் அவன் தனிமையையும். ஒன்பது வயதுக்காரி பார்த்தது பெயரில்லாத ஒன்றை. கதையின் நடையைக் கவனித்தால் அவள் சொன்ன பக்கம்தான் எடை அதிகம். ஸ்னஃப்கின் கதை முடிவில் மாறவில்லை, பாட்டு கிடைத்தது, அவ்வளவு. மாறியது பொடிசு. ஆனால் அவள் வாசிப்பு மட்டுமே போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஸ்னஃப்கினின் அந்தக் குற்ற உணர்வு, ஒருவரை விரட்டிவிட்டு அவர் நினைவாகவே நடப்பது, அது ஒன்பது வயதில் அவ்வளவாகத் தைக்காது. ஏன் திரும்பிப் போறான் என்று அவளுக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. அவள் சொல்லாமல் எனக்குப் பொடிசு தெரியவில்லை, நான் சொல்லாமல் அவளுக்கு ஸ்னஃப்கின் முழுசாகத் தெரியவில்லை. இரண்டு பேர் ஒரு பாயில் படுத்துப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட கதை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பின்னால் வந்த மூமின் நூல்கள் உண்மையிலேயே குழந்தைகளைக் கைவிட்டுவிட்டன என்பது. 'மூமின்பாப்பா அட் ஸீ' (1965) நாவலை அக்கா மகள் நாற்பது பக்கத்தில் மூடிவிட்டாள். "அவங்க அப்பா சும்மா கோவிச்சுக்கிட்டே இருக்காரு மாமா." நியாயம்தான். தன்னை யாருக்கும் தேவையில்லை என்று நினைக்கிற நடுவயது அப்பா குடும்பத்தையே ஒரு கலங்கரை விளக்கத் தீவுக்கு இழுத்துக்கொண்டு போகிற கதை அது. எனக்கு மிகவும் பிடித்த நாவல், அவளிடம் அதைத் திணித்தது என் தவறு.

ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். யான்சனுக்குப் பெரியவர்களுக்கு எழுதத் தெரியாமல் இல்லை. 1970-க்குப் பிறகு அவர் எழுதிய கதை, நாவல்களில் அநேகமாக எல்லாமே பெரியவர்களுக்குத்தான். 'த சம்மர் புக்' (1972), 'த ட்ரூ டிஸீவர்' (1982). இரண்டு அலமாரிகளையும் அவர் தெளிவாகவே பிரித்து வைத்திருந்தார். மூமின்களைக் குழந்தைகளின் அலமாரியில் வைத்தவர் அவரேதான். நாம் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பெரியவர்களின் அலமாரியில் வைத்துவிட்டு, பார்த்தீர்களா எவ்வளவு மரியாதை செய்கிறோம் என்கிறோம். இதில் யாருக்கு மரியாதை?

'த ட்ரூ டிஸீவர்' இந்த விஷயத்தில் கொஞ்சம் பயங்கரமான நாவல். அன்னா ஏமெலின் என்ற வயதான ஓவியர், குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகிறவர். காட்டுத் தரையை அவ்வளவு நுணுக்கமாக வரைவார், பிறகு அதன்மேல் பூப்போட்ட முயல்களை வைத்துக் கெடுப்பார். குழந்தைகள் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள், முயல்களுக்கு ஏன் பூ என்று. அன்னா ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் எழுதித் தவிக்கிறாள். காத்ரி என்ற இளம் பெண், கணக்குகளில் கெட்டி, பொய்யே சொல்லாதவள், மெல்ல அந்த வீட்டுக்குள் நுழைந்து அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாள். கறாராக, திறமையாக. ஒரு நிறுவனம் வாடிக்கையாளர் புகார்களைக் கையாள்வது மாதிரி. நான் இருக்கும் தொழிலில் இதைப் படிப்பது சுகமாக இல்லை.

யான்சனுக்கே வருடத்துக்குச் சுமார் 2000 கடிதங்கள் வந்தன. தன் கையாலேயே பதில் எழுதிக்கொண்டிருந்தார், பல பத்தாண்டுகள். அலுத்துக்கொண்டே எழுதினார் என்பதும் தெரியும். அந்த அலுப்பை மறைக்காமல் கதையாக்கியிருக்கிறார். 1987-ல் வந்த ஒரு தொகுப்பில் 'கரஸ்பாண்டன்ஸ்' என்று ஒரு கதை: ஜப்பானில் இருந்து பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி எழுதும் கடிதங்கள் மட்டும். இப்போதுதான் கற்றுக்கொள்கிற ஆங்கிலத்தில் எழுதுகிறாள். ஹைக்கு அனுப்புகிறாள். பெரியவளானதும் பின்லாந்து வருவேன் என்கிறாள். எழுத்தாளரின் பதில்கள் கதையில் இல்லை, அவற்றை நாம் அவள் கடிதங்களிலிருந்து ஊகிக்கவேண்டும். கடைசியில் தெரிகிறது, வரவேண்டாம், எழுத்தாளரைப் புத்தகங்களிலேயே சந்திப்பதுதான் நல்லது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் அதை அழகான எண்ணம் என்று ஏற்றுக்கொள்கிறாள். எனக்கு அங்கே தொண்டை அடைத்தது.

கதையில் யான்சன் தன் குரலை எடுத்துவிட்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர், தன் தரப்பைச் சொல்ல எல்லா உரிமையும் உள்ளவர், கதை முழுவதையும் அந்தச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டார். 'ஸ்பிரிங் ட்யூன்' எழுதியபோது அவர் ஸ்னஃப்கின் பக்கம் நின்று பொடிசைப் பார்த்தார். கால் நூற்றாண்டு கழித்துப் பொடிசின் பக்கம் போய் நின்றுகொண்டு ஸ்னஃப்கினைப் பார்க்கிறார். அங்கிருந்து பார்க்கையில் ஸ்னஃப்கின் அவ்வளவு நல்லவனாகத் தெரியவில்லை.

கடைசி மூமின் நாவலான 'மூமின்வேலி இன் நவம்பர்' (1970) பற்றிப் பேசுகிற எல்லாரும் அது யான்சனின் அம்மா இறந்த வருடம் வெளியானது என்பதிலிருந்து தொடங்குவார்கள். சரிதான். மூமின் குடும்பமே இல்லாத மூமின் நாவல் அது. ஆனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நவம்பர் மழையில் ஆறு பேர் அந்தப் பள்ளத்தாக்கின் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். குடும்பத்தைப் பார்க்க, அதன் கதகதப்பில் உட்கார. வீடு காலி. ஆறு பேரும் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஃபில்லிஜோங்க் சமையலறையில் நின்று மூமின்மாமாவைப் போல இருக்கப் பார்க்கிறாள். ஹெமுலன் மூமின்பாப்பாவுக்காக மரத்தின்மேல் வீடு கட்டுகிறான். கிழவர் ஒருவர் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை அந்த வீட்டின் மூதாதை என்று நம்பி அதோடு பேசுகிறார். ரசிகர் மன்றம்! கோப்பை சேர்க்கிற எங்களையெல்லாம் யான்சன் ஐம்பது வருடம் முன்னாலேயே எழுதிவைத்துவிட்டார்.

அந்த ஆறு பேரில் சிறியவன் டாஃப்ட். அவன் மூமின் குடும்பத்தை நேரில் பார்த்தது கிடையாது. ஒரு படகில் சுருண்டு படுத்துக்கொண்டு தனக்குத்தானே அவர்கள் கதையைச் சொல்லிக்கொள்கிறவன். வீட்டில் கிடைத்த தடித்த அறிவியல் புத்தகம் ஒன்றைப் பாதிக்கு மேல் புரியாமல் படிக்கிறான். புரியாத வார்த்தைகளில் இருந்து அவன் உருவாக்கும் ஒரு பழங்கால ஜந்து வளர்ந்து வளர்ந்து கட்டுக்கு அடங்காமல் போகிறது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த படிப்பு. எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த தாத்தாவின் சித்த மருத்துவப் புத்தகத்தை நான் ஏழாம் வகுப்பில் அப்படித்தான் படித்தேன், பாதரசம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மாதம் பயந்திருந்தேன்.

டாஃப்டின் மனதில் மூமின்மாமா எப்போதும் கனிவானவள், எதற்கும் கோபப்படாதவள். மூமின்மாமாவுக்கும் கோபம் வரும், அலுப்பு வரும், அப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் தனியாகப் போவாள் என்று மிம்பிள் சொன்னபோது அவன் நம்பவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் கிளம்பிப் போனபின் அவன் மட்டும் அந்த இருட்டுக் காட்டுக்குள் நடக்கிறான். அவன் சொல்லிக்கொண்டிருந்த கதையின் அம்மா அங்கே கரைந்துபோகிறாள். வேறொரு அம்மா தெரிகிறாள், கோபமும் சோகமும் உள்ளவள். பெரியவர்கள் ஐந்து பேரும் தங்கள் மூமின்களைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டதோடு சரி. தன் கற்பனையை முழுசாக உடைத்துக்கொள்ளத் துணிந்தவன் சிறியவன் மட்டும்தான். திரும்பி வரும் குடும்பத்தின் படகு விளக்கு கடலில் தெரியும்போது அதைப் பார்க்கக் காத்திருப்பவனும் அவன்தான்.

இந்தப் புத்தகம் குழந்தைகளுக்கானது இல்லை என்று யாராவது சொல்லும்போது எனக்கு டாஃப்ட் நினைவுக்கு வருகிறான். வீடு முழுக்கப் பெரியவர்கள். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கருத்து. மூலையில் ஒருவன் ஏதோ கேட்கிறான். க்யூட்.

அக்கா மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஜப்பானிய மங்கா படிக்கிறாள், வலமிருந்து இடமாக. போனில் அவள் சொல்கிற பெயர்களை என்னால் திருப்பிச் சொல்ல முடிவதில்லை. மூமின் புத்தகங்கள் அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, தூசி தட்டப்பட்டு, ஏனென்றால் என் அக்கா அப்படி. வருத்தமாகத்தான் இருந்தது. அவளை அந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பதால் அவள் அங்கேயே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.

அடுத்த மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் 'நவம்பர்' நாவல். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் முதலில் பேசட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் அவ்வளவு நேரம் பிள்ளைகள் எப்படி உட்காரும் என்று கேட்டார். அக்கா மகளுக்கும் போன் போட்டு, வீடியோவில் வந்து சேர்ந்துகொள்கிறாயா என்றேன்.

"எனக்கு சயின்ஸ் டெஸ்ட் இருக்கு மாமா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த அணிலைப் பத்திப் பேசுவீங்களா?"

"இல்லம்மா, இது வேற புக். இதுல அணில் இல்ல."

"அப்ப நீங்களே பேசிக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.